மோட்டார் வண்டிகளில் பியூஸ் சூடாவது ஏன்?
காரணத்தைக் கண்டறியும் முறைகள்

அருமனையைச் சுற்றியுள்ள ஊர்களில் மோட்டார் வண்டி இன்று ஆடம்பரப் பொருளன்று. அது ஒரு தொழிற்கருவி. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும், மரச்சீனியும் நேந்திரன் குலைகளும் மார்த்தாண்டம் சந்தைக்குச் செல்வது டெம்போவிலும் ஜீப்பிலுமேயாகும். நள்ளிரவில் நோயாளி ஒருவரைக் குழித்துறை அரசு மருத்துவமனைக்கோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல நேரும்போது, பல சமயங்களில் பக்கத்து வீட்டாரின் காரே துணை நிற்கிறது. உள்ளாட்சி மன்றங்களும் குப்பை அகற்றவும் குடிநீர் வழங்கவும் வண்டிகளை வைத்துப் பராமரிக்கின்றன. கடன் பெற்று வாங்கிய வண்டி ஒன்றே முதலாக வாழும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் பல உண்டு.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி தோன்றுவதும், பெரும்பாலோர் பொருட்படுத்தாமல் விடுவதுமான கோளாறு ஒன்று உண்டு. பியூஸ் பெட்டி சூடேறி, பிளாஸ்டிக் இளகி, கருகிய வாடை வருவதே அது. பியூஸ் எரிந்து போகாததால் விளக்கும் எரிகிறது, காற்றாடியும் சுழல்கிறது; ஆகவே வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் மழையிரவில், வளைவு மிகுந்த சாலையில், இரண்டு முகப்பு விளக்குகளும் ஒருசேர அணையும். அல்லது வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிறுத்திய வண்டியிலிருந்து புகை எழும். இவ்விரண்டையும் முன்கூட்டியே தடுக்க இயலும். அதற்கு வேண்டிய அறிவு கடினமானதன்று. கருவிகளும் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைப்பவை.

பியூஸ் என்பது யாது?

பியூஸ் என்பதை உருகி என்றும் கூறுவர். மின்சாரம் செல்லும் வழியில் வேண்டுமென்றே அமைக்கப்பட்ட மெலிந்த இடம் அது. வாய்க்கால் கரை முழுவதும் உடைந்து வயல் பாழாகாதபடி ஓரிடத்தில் கலிங்கு அமைப்பதுபோல, கம்பி முழுவதும் எரியாதபடி ஓரிடத்தில் மட்டும் உருகிப்போகும்படி இதனை அமைத்திருக்கிறார்கள். ஆகவே பியூஸ் காப்பது விளக்கையன்று, மோட்டாரையுமன்று, கம்பியையே காக்கிறது. கம்பி எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குமோ அதற்கு ஏற்றவாறே பியூஸின் அளவு அமைய வேண்டும். இவ்வுண்மையை மறப்பதாலேயே பல தீ விபத்துகள் நேருகின்றன.

இன்றைய வண்டிகளில் இருப்பது இரண்டு தட்டைக் கால்களையுடைய பிளாஸ்டிக் பியூஸ். அதன் நிறமே அளவைக் காட்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 வெள்ளை அல்லது நிறமற்றது, 30 பச்சை. பழைய அம்பாசடர் கார்களிலும் பழைய ஜீப்புகளிலும் கண்ணாடிக் குழாய் பியூஸ்களைக் காணலாம். அம்பாசடர் தயாரிப்பு 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் அவ்வண்டிகளை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லூகாஸ் முறையில் 35 ஆம்பியர் என்று குறித்த கண்ணாடி பியூஸ், உருகிப்போகும் அளவையே குறிப்பது. அது தொடர்ந்து தாங்குவது அதில் பாதியாகிய 17.5 ஆம்பியர் மட்டுமே. வேறு முறையில் 35 என்று குறித்த பியூஸை அவ்விடத்தில் பொருத்தினால் காவல் பாதியாகக் குறைந்துவிடும்.

எரிவது வேறு, சூடாவது வேறு

பியூஸ் எரிந்துபோவதும் பியூஸ் சூடாவதும் ஒன்றே என்று எண்ணுவது தவறு. பியூஸ் சட்டென எரிந்துபோனால், எங்கோ கம்பி உடலோடு ஒட்டி அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தது என்று பொருள். பியூஸ் எரியாமல் அது செருகியிருக்கும் இடம் மட்டும் சூடேறினால், அதற்குக் காரணம் வேறாக இருத்தல் வேண்டும்.

மின்சாரம் செல்லும் கடத்தியில் பிறக்கும் வெப்பம் தடைக்கு நேராகவும், மின்னோட்டத்தின் இருமடிக்கு நேராகவும் மிகும் என்பதை ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதனை நம் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். 15 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும் ஓர் இணைப்பு சுத்தமாக இருந்தால், அதன் தடை ஓம் ஒன்றில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே இருக்கும். அங்கே பிறக்கும் வெப்பம் அரை வாட்டிற்கும் குறைவு. அதே இணைப்பில் களிம்பு ஏறித் தடை பத்தில் ஒரு ஓம் ஆகிவிட்டால், வெப்பம் 22 வாட்டையும் தாண்டும். வானொலி பழுதுபார்ப்போர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் பற்றுக்கோல் 25 வாட் என்பதை நினைவிற் கொள்க. பியூஸ் பெட்டிக்குள் ஒரு பற்றுக்கோலைச் செருகி வைத்ததற்கு இது ஒப்பாகும்.

இவ்வளவு சூட்டிலும் பியூஸ் ஏன் எரிவதில்லை? பியூஸின் உள்ளிழை பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் ஆனது. துத்தநாகம் உருக ஏறத்தாழ 420 பாகை சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். பியூஸ் பெட்டிகளுக்குப் பயன்படும் நைலான் வகை பிளாஸ்டிக்கோ 260 பாகை அளவிலேயே உருகிவிடும். மின்னோட்டம் அளவோடு இருப்பதால் உள்ளிழைக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இணைப்பில் பிறந்த வெப்பம் பெட்டியை உருக்குகிறது. அதாவது, பியூஸ் எரியவில்லை என்பது கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

காரணங்கள்

சூட்டிற்கான காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, கெட்டுப்போன இணைப்பு. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பியூஸின் கால்களைப் பற்றிப் பிடிக்கும் பித்தளை அல்லது செம்புப் பற்றிகள் தளர்ந்துபோதல், களிம்பு ஏறுதல், கம்பி முனை சரியாக அழுத்தப்படாதிருத்தல் ஆகியன இவ்வகையைச் சேரும். நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது; ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். மேலும் ரப்பர் விவசாயிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ரப்பர் பால் உறையாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் அமோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும் இயல்புடையது. பால் பீப்பாய்களை ஏற்றிச் செல்லும் வண்டியை மூடிய கொட்டகையில் நிறுத்தினால் அந்த ஆவி இணைப்புகளில் படிந்து, நீலப்பச்சை நிறக் களிம்பாக மாறும். ஷீட் உறையவைக்கும் பார்மிக் அமிலத்தின் ஆவியும் உலோகத்திற்குப் பகையே.

ஒருமுறை நன்றாகச் சூடேறிய பற்றி தன் வில் தன்மையை இழந்துவிடும். பின்னர்ப் புதிய பியூஸைச் செருகினாலும் அது தளர்வாகவே பிடிக்கும், மீண்டும் சூடேறும், மேலும் தளரும். ஆகவே பியூஸை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது பயனற்றது.

இரண்டாவது, மிகையான சுமை. தொழிற்சாலையிலிருந்து வரும் முகப்பு விளக்குகள் உயர் ஒளியில் 60 வாட் வீதம் இருப்பது வழக்கம். இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட் வண்டியில் 10 ஆம்பியர் செல்லும். அவற்றை நீக்கி 100 வாட் விளக்குகளைப் பொருத்தினால் 16.7 ஆம்பியர் செல்லும். வெப்பம் இருமடியாக மிகுவதால், அதே கம்பியிலும் அதே பற்றியிலும் முன்பு இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு வெப்பம் பிறக்கும். ஒலிபெருக்கி, அலங்கார விளக்கு, கூடுதல் ஹாரன் ஆகியவற்றை ஏற்கெனவே உள்ள பியூஸிலிருந்தே இழுப்பதும் இதே தீங்கைத் தரும். ஒரு பியூஸ் தொடர்ந்து சுமக்க வேண்டியது அதன் அளவில் முக்கால் பங்கு மட்டுமே என்பதைப் பொது விதியாகக் கொள்ளலாம். 20 ஆம்பியர் பியூஸில் தொடர் சுமை 15 ஆம்பியரைத் தாண்டலாகாது. அளவைச் சற்றே மீறிய மின்னோட்டத்தில் பியூஸ் உடனே எரியாது. பல நிமிடங்கள் சூட்டிலேயே கிடக்கும்.

மூன்றாவது, சோர்ந்துபோன மோட்டார். ரேடியேட்டர் காற்றாடி, உட்புறக் காற்றாடி, துடைப்பான் ஆகியவற்றின் மோட்டார்கள் தேய்ந்தோ தூசி அடைந்தோ இறுகிவிட்டால், சுழல்வதற்கு மிகுந்த மின்சாரம் இழுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில், தோட்டத்தில் நிறுத்திய வண்டிகளின் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள துளைகள் வழியே சருகு புகுந்து காற்றாடியில் சிக்குவதுண்டு.

இவையன்றி, ஆல்டர்னேட்டரின் கட்டுப்பாடு பழுதடைந்து 12 வோல்ட் வண்டியில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலும் எல்லாச் சுற்றுகளிலும் சூடு மிகும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது முறை.

எர்த் இணைப்பு கெட்டிருப்பதே காரணம் என்று சிலர் உடனே முடிவுகட்டுவர். எர்த் கெட்டால் விளக்கு மங்கும். அந்த எர்த் முனையே சூடாகும். விளக்குச் சுற்றில் மின்னோட்டம் குறைவதால் பியூஸ் சூடாகாது. இவ்வேறுபாட்டை அறிந்தால் வீண் செலவு குறையும்.

கண்டறியும் முறை

முதலில் கண்ணால் காண்க. பியூஸை உருவி அதன் இரு கால்களையும் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் கறுத்து, அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் மட்டும் இளகியிருந்தால், அப்பக்கத்துப் பற்றியே குற்றவாளி. இரு பக்கமும் ஒரே சீராக நிறம் மாறியிருந்தால் மிகைச் சுமையை ஐயுறலாம். சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பது ஆபத்து. தொடாமலே வெப்பம் காட்டும் கருவியைக் கொண்டு காணலாம். ஆனால் 2020-இல் கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த கருவி உடல் வெப்பத்தை மட்டுமே அளப்பது. பட்டறை வேலைக்கென உள்ளதையே வாங்க வேண்டும்.

அடுத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இதற்கு ஏற்றது. பம்புசெட் பழுதுபார்ப்போரிடம் உள்ள சாதாரண வகை, வீட்டு மின்சாரமாகிய மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். பாட்டரியின் நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடியதா என்று கேட்டு வாங்குக.

மூன்றாவதும் முக்கியமானதுமாகிய சோதனை, வோல்ட் இழப்பை அளப்பது. சாதாரண மல்டிமீட்டர் போதும். விளக்கோ மோட்டாரோ இயங்கிக்கொண்டிருக்கும்போதே இதனைச் செய்ய வேண்டும். நிறுத்திவிட்டு அளந்தால் எதுவும் தெரியாது. பியூஸின் தலைப்பகுதியில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரின் இரு முனைகளையும் மூன்று இடங்களில் வைக்க வேண்டும்: மின்சாரம் வரும் கம்பி முனைக்கும் பியூஸின் முதற்புள்ளிக்கும் இடையே, இரு புள்ளிகளுக்கும் இடையே, இரண்டாம் புள்ளிக்கும் வெளியே செல்லும் கம்பி முனைக்கும் இடையே. பற்றிகளில் பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் அவ்விணைப்பு கெட்டது என்று கொள்க.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ரேடியேட்டர் காற்றாடிக்கு 20 ஆம்பியர் பியூஸ் உள்ள இரு டெம்போக்கள் என்று கொள்வோம். இரண்டிலும் பியூஸ் பெட்டி சூடாகிறது. முதல் வண்டியில் மின்னோட்டம் 12 ஆம்பியர். இழப்புகள் முறையே 0.9, 0.05, 0.03 வோல்ட். மின்னோட்டம் அளவோடு உள்ளது; ஆனால் முதற்பற்றியில் மட்டும் 12 பெருக்கல் 0.9 ஆக ஏறத்தாழ 11 வாட் வெப்பம் பிறக்கிறது. மாற்ற வேண்டியது அந்தப் பற்றியை மட்டுமே. இரண்டாம் வண்டியில் மின்னோட்டம் 19 ஆம்பியர், இழப்புகள் 0.05, 0.09, 0.05. இணைப்புகளில் குறையில்லை, மோட்டாரே மிகுதியாக இழுக்கிறது. மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளியே ஒரே கோளாறாகத் தோன்றினும் மருந்து வேறு வேறு. அளக்காமல் ஊகத்தால் பொருள்களை மாற்றிக்கொண்டே போனால், விவசாயியின் பணமே கரையும்.

பியூஸ் அடிக்கடி எரிந்தும்போனால், எலி கடித்த கம்பியையோ உடலோடு உராய்ந்த கம்பியையோ தேட வேண்டும். பியூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரு கம்பிகளால் இணைக்கவும். அச்சுற்றைச் சேர்ந்த விளக்கு, மோட்டார் அனைத்தையும் கழற்றி விட்டுச் சுவிட்சைப் போட்டால், கம்பி உடலோடு ஒட்டியிருக்கும் வரை பல்பு எரியும். கம்பிக்கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே வருக. எவ்விடத்தில் அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் பழுது.

செப்பனிடும் முறை

எவ்வேலைக்கு முன்னும் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுதல் வேண்டும். கருகிய பற்றியைச் சுரண்டிச் சரிசெய்வது தற்காலிக உதவியே. புதிய பற்றி பொருத்துவதே முறை. கம்பியின் முனையில் செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, உரிய கருவியால் அழுத்திப் பொருத்த வேண்டும். குத்துவிளக்கின் களிம்பைப் புளியிட்டு நீக்குவது நம் இல்லங்களில் வழக்கம். அம்முறையைப் பியூஸ் பற்றியில் கையாளலாகாது. இடுக்கில் தங்கும் புளிப்பு மேலும் அரிக்கும். இதற்கென விற்கும் மின் இணைப்புச் சுத்திகரிப்புத் திரவமே ஏற்றது.

கூடுதல் விளக்கு வேண்டுவோர் ரிலே என்னும் இணைப்பானைப் பொருத்துக. பாட்டரியிலிருந்து தடித்த கம்பி, பாட்டரிக்கு அருகிலேயே தனி பியூஸ், அதன்பின் ரிலே, பின்னர் விளக்கு என்பது வரிசை. பழைய சுவிட்சின் வழியே செல்வது ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே. ஆகவே பழைய கம்பிகள் சூடாகா.

செய்யத்தகாதவை

பியூஸ் போனால் செம்புக் கம்பி இழையைச் சுற்றுவதும், சிகரெட் பெட்டியின் மினுக்குத் தாளை மடித்துச் செருகுவதும் இன்றும் மறையாத பழக்கங்கள். 15 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் பியூஸைச் செருகுவதும் அதே வகைத் தவறே. அதன்பின் பியூஸ் எரியாது, கம்பி எரியும். சூடாகும் பியூஸுக்குப் பெரிய பியூஸ் ஒருநாளும் மருந்தாகாது.

கருகிய வாடை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, ஆட்களை இறக்கிவிட வேண்டும். புகை சிறிதாயின் பாட்டரி முனையைக் கழற்றலாம். தீ தென்பட்டால் உலர்தூள் அணைப்பானைப் பயன்படுத்துக; தீ பெரிதாயின் விலகி நின்று 101 அல்லது 112 எண்ணுக்கு அறிவிக்க வேண்டும்.

உள்ளாட்சி மன்றங்கள் செய்யக்கூடியவை

மன்றத்தின் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஓட்டப் பதிவேடு உண்டு. அதிலேயே பியூஸ் மாற்றிய நாள், அதன் ஆம்பியர், மாற்றிய காரணம் ஆகியவற்றை எழுதி வரச் செய்யலாம். ஒரே பியூஸ் மூன்று மாதத்தில் இருமுறை மாற்றப்பட்டிருந்தால், அடுத்த பியூஸ் வாங்குமுன் வோல்ட் இழப்புச் சோதனை செய்ய வேண்டும் என்று விதி வகுக்கலாம். பழுதுச் செலவுப் பட்டியல் மன்றத்தின் முன் வரும்போது, "எதை மாற்றினீர்கள்?" என்று மட்டும் கேளாமல், "எதை அளந்தீர்கள்?" என்றும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். ஜூன் மாத மழைக்கு முன்பும், அக்டோபர் மாத மழைக்கு முன்பும் எல்லா வண்டிகளின் பியூஸ் பெட்டிகளையும் திறந்து பார்ப்பது நலம். பாட்டரியால் ஓடும் குப்பை வண்டிகளில் மின்னோட்டம் மிகுதியாகையால், அவற்றின் முதன்மைச் சுற்றில் பயிற்சி பெற்றவரே கைவைக்க வேண்டும்.

நாகர்கோவில் கோணத்திலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் பயின்ற இளைஞர்கள் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களைக் கொண்டு, ஒரு விடுமுறை நாளில் ஊர் ஓட்டுநர்களுக்கும் விவசாயிகளுக்கும் மேற்கூறிய மூன்று அளவைகளையும் நேரில் செய்துகாட்ட ஏற்பாடு செய்தால், ஒரு மல்டிமீட்டரின் விலையில் பல வண்டிகளைக் காக்கலாம்.

பியூஸ் சூடாவது வண்டி நமக்குத் தரும் முன்னறிவிப்பு. அதைக் கேட்டு, பார்த்து, அளந்து, காரணத்தை நீக்குவோமாயின், உழைத்துச் சேர்த்த பொருளும், அவ்வண்டியை நம்பி இரவில் பயணம் செய்வோரின் உயிரும் காப்பாற்றப்படும்.